‘வயசாயிடுச்சு’ என்பது நோயறிதல் ஆகாது

வீட்டில் வளர்ந்த கிழ நாய் படுத்த இடத்திலேயே மூச்சிரைக்கிறது. நெஞ்சில் கை வைத்தால் இதயம் படபடவென்று அடிக்கிறது. “வயசாயிடுச்சு, இனி அப்படித்தான் இருக்கும்” என்று ஒருவர் சொல்ல, பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. நல்ல மனத்தோடு சொல்லப்படும் இந்த வார்த்தை, காப்பாற்றக்கூடிய நாய்களையும் சாகவிடுகிறது. ஓய்வாக இருக்கும் நாயின் இதயம், உடல் அளவைப் பொறுத்து, நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 140 முறை துடிக்கும். வயது கூடியதால் மட்டும் அது 180க்கு ஏறாது. ஏறியிருந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு.

அந்தக் காரணம் இதயத்திலேயே இருக்கலாம். சிறிய இன நாய்களில் மைட்ரல் வால்வு தடித்து ரத்தம் பின்னோக்கிக் கசியும். டாபர்மேன் போன்ற பெரிய இனங்களில் இதயத் தசை வலுவிழந்து அறைகள் விரியும். இதயத்துக்கு வெளியேயும் இருக்கலாம். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பேபீசியா தொற்றுகளால் வரும் ரத்தசோகை, மண்ணீரல் கட்டி உடைந்து வயிற்றுக்குள் கசியும் ரத்தம், காய்ச்சல், நீரிழப்பு, வலி எல்லாமே துடிப்பைக் கூட்டும். ரத்தசோகையில் இதயம் வேகமாக ஓடுவது, இருக்கிற கொஞ்ச ரத்தத்தைக் கொண்டு உடலைக் காப்பாற்றத்தான். காரணம் பார்க்காமல் மாத்திரை கொடுத்து அதை அடக்கினால், அந்த முயற்சியையே முடக்கிவிடுவோம்.

“ஆஸ்பத்திரி பயத்தில்தான் அப்படித் துடிக்கிறது” என்பார்கள். இருக்கலாம், அதனால்தான் வீட்டிலும் எண்ண வேண்டும். நாய் அமைதியாகப் படுத்திருக்கும்போது பின்னங்கால் தொடையின் உட்புறத்தில் விரல்களை வைத்து, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தொடர்ந்து தாண்டினாலும், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். “வயதான உடம்பு பரிசோதனையைத் தாங்காது” என்ற அச்சத்துக்கும் அடிப்படை குறைவு. ஈசிஜி, எக்ஸ்ரே, எக்கோ ஆகியவற்றைப் பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலே எடுக்கலாம். செலவு பற்றிய கவலை நியாயமானது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கத் தேவையில்லை. ஸ்டெதஸ்கோப்பும் ரத்தப் பரிசோதனையுமே அடுத்து எது வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

“கண்டுபிடித்துத்தான் என்ன ஆகப்போகிறது?” என்பது கடைசிக் கேள்வி. வால்வு நோயால் இதயம் பெருத்தும் அறிகுறி தொடங்காத 360 நாய்களை வைத்து நடந்த ‘எபிக்’ ஆய்வு 2016இல் வெளியானது. பிமோபெண்டன் மருந்து இதயச் செயலிழப்பைச் சுமார் 15 மாதம் தள்ளிப்போட்டது என்று அது காட்டியது. நாயின் ஆயுளில் அது பெரிய காலம். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் இருக்கிறது. இதய உறையில் தேங்கும் நீரை ஊசியால் எடுத்தால் நாய் உடனே ஆசுவாசமடையும். குணமாகாத கட்டியே என்றாலும், அது தெரிந்தால்தான் வலியைக் குறைக்கவும் கடைசி நாட்களைத் திட்டமிடவும் முடியும். கடுமையான சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுக்க முதுமை நியாயமான காரணமாகலாம். பரிசோதனையே வேண்டாம் என்பதற்கு அது ஒருபோதும் காரணமாகாது.