அடுக்களையில் பிழைத்த சொற்கள்



ஒருவர் வேண்டாத வம்பில் மாட்டிக்கொண்டால், 'கத்தரித் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டார்' என்பது ஸ்பெயின் நாட்டுப் பேச்சு வழக்கு. கத்தரிக்காய்க்கு அங்கே 'பெரென்ஹேனா' என்று பெயர். 'பாதின்ஜான்' என்னும் அரபுச் சொல்லின் திரிபே அது. மனத்துக்கிசைந்த வாழ்க்கைத் துணையை 'என் பாதி ஆரஞ்சு' என்பார்கள். அந்த 'நரான்ஹா'வும் அரபு 'நாரன்ஜ்' தந்ததே. பாரசீகம், வடமொழி வழியாகப் பின்னோக்கிச் சென்றால், அச்சொல் நம் 'நாரத்தை'க்கு உறவான திராவிட வேரில் போய் நிற்கும் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. திருக்குர்ஆன் கூறும் ஸைத்தூன் அங்கே 'அஸெய்துனா' ஆகியிருக்கிறது.

இச்சொற்கள் கடந்து வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 711இல் தொடங்கிய முஸ்லிம் ஆட்சி, 1492இல் கிரனாடாவின் வீழ்ச்சியோடு முடிந்தது. கட்டாய மதமாற்றத்துக்கு ஆளானோரின் வழித்தோன்றல்கள் அரபு மொழியைப் பேசவும் எழுதவும் தடை விதித்து 1567இல் ஆணை பிறந்தது. 1609 முதல் 1614 வரை அம்மக்களே நாடு கடத்தப்பட்டனர். ஆயினும், அவர்கள் சமைத்த காய்கனிகளின் பெயர்கள் வெளியேறவில்லை. ஆணை பிறப்பித்தவர்களின் வீட்டு அடுப்படியிலும் அவையே வழங்கின.

கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்ற ஸ்பானிய மொழி, அங்கங்கே விளைந்ததைக் கொண்டு புதிய வழக்குகளைப் படைத்துக்கொண்டது. கொலம்பியாவில் 'பப்பாளி கொடுக்காதே' என்றால், ஏமாற்றுவோருக்கு இடங்கொடாதே என்று பொருள். பெரு நாட்டு இளைஞர்கள் கூச்சப்படும் நிலையைப் 'பால்தா' என்பர். அது வெண்ணெய்ப்பழத்தின் பெயர். பிழைப்புக்காக உழைப்பதை ஸ்பெயினில் 'கொண்டைக்கடலை சம்பாதித்தல்' என்றும், வெனிசுவேலாவில் 'அரேபா சம்பாதித்தல்' என்றும் சொல்வர். அரேபா என்பது அங்குள்ள மக்காச்சோள ரொட்டி. இறைவன் அளிக்கும் ரிஸ்க் ஒன்றே. அதைச் சுட்டும் சொல்தான் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

நம் இல்லங்களில் குழம்பை 'ஆணம்' என்கிறோம். காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்கிறோம். வெளியார் நகைப்பார்களோ என அஞ்சி, இச்சொற்களை நம் பிள்ளைகள் சிலர் மறைக்கின்றனர். அரசாணையால் அழியாத சொற்கள்கூட வெட்கத்தால் அழிந்துவிடக்கூடும். தாய்மார்களே, இன்று சோறு பரிமாறும்போது, "ஆணம் ஊற்றட்டுமா?" என்றே பிள்ளைகளிடம் கேளுங்கள்.