எண் ஒன்று நோய் தீர்க்குமா?

பழைய திரைப்பாடல்களைச் சற்றே சுருதி இறக்கி, ‘432 ஹெர்ட்ஸ்’ என்னும் முத்திரையுடன் கைப்பேசியில் உலவ விடுவது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. இவ்வாறு கேட்டால் நல்லுறக்கம் வரும், இரத்த அழுத்தம் தணியும், உடலின் அணுக்களே சீரடையும் என்கிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் வண்டியேறும் நம் சகோதரியரின் செவிகளுக்கு இச்செய்தி எட்டாமலா இருக்கும்? பாடலைக் கேட்பதில் நமக்கு மறுப்பில்லை. அதனை மருந்தென்று கூறுவதையே மறுக்கிறோம்.

ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பதே ஹெர்ட்ஸ். மேலைநாட்டு இசைக்குழுக்கள் இணைந்து இசைக்க ஒரு பொது அளவு தேவைப்பட்டது. பிரான்சு 1859-இல் 435 என்று வகுத்தது. இத்தாலிய இசைமேதை வெர்டி 1884-இல் 432-ஐ ஆதரித்தார். எல்லாரும் ஒரே அளவைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே அவர் விருப்பம். நோய் தீரும் என்று அவர் கூறவில்லை. 1939-இல் இலண்டன் மாநாடு 440-ஐ ஏற்றது. மக்களின் மனத்தைக் கலங்கடிக்க நாத்சிகள் புகுத்திய எண்ணே 440 என்பது வெறுங்கதை. ஷைப்லர் என்னும் ஜெர்மானியர் அதனை முன்மொழிந்தது 1834-இல். அன்று நாத்சிக் கட்சி ஏது?

இன்னொரு புரட்டு நம் திருச்சபையின் பெயராலேயே நடைபெறுகிறது. பண்டைத் துறவியர் தம் கிரகோரியப் பாடல்களில் 396, 528 போன்ற ‘குணமாக்கும்’ எண்களை மறைத்து வைத்தனராம். திருவிவிலியத்தின் எண்ணிக்கை நூல், 7-ஆம் அதிகாரத்தின் வசன எண்களைக் கூட்டிக் கழித்து இவ்வெண்களை எடுத்ததாகச் சொல்பவர்கள் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கர்கள். சுரங்களுக்குப் பெயரிட்ட அரெட்சோ நகரத்துத் துறவி குய்தோ பதினோராம் நூற்றாண்டினர். செவிக்குக் கேட்கும் ஒலியின் அதிர்வெண்ணைக் கணித்து வெளியிட்ட முன்னோடியோ, மெர்சேன் என்னும் மற்றொரு துறவி, ஆண்டு 1636. அளக்கவே வழியில்லாத காலத்தில் எண்ணை ஒளித்து வைப்பது எங்ஙனம்? இறைவார்த்தையை எண்கணிதச் சோதிடமாக்குவதைப் பொதுநிலையினராகிய நாம் பொறுத்துக்கொள்ளலாமா?

நம் தமிழிசைக்கோ இவ்வாதமே பொருந்தாது. இங்கே சுருதி என்பது பாடுவோரின் குரலுக்கு ஏற்ப அமைவது. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுகின்றனர். 440-க்கும் 432-க்கும் உள்ள இடைவெளி அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சித்த மருத்துவராகவும் இசை ஆய்வாளராகவும் திகழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில் சுருதிகளை நுணுகி ஆராய்ந்தார். அவர் தேடியது சுரத்திற்கும் சுரத்திற்கும் உள்ள உறவை. அவ்வுறவு சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் மாறுவதில்லை.

மேலும், பழைய பாடல்கள் 440-இல்தான் பதிவாயின என்று யார் அளந்தார்? ஆர்மோனியத்திற்கு ஆர்மோனியம் சுருதி வேறுபடும். இசைத்தட்டும் ஒலிநாடாவும் சுழலும் வேகத்திற்கேற்ப அது மாறும். மூலத்தை அறியாமலே எல்லாவற்றையும் நூற்றுக்கு இரண்டு பங்களவு இறக்கிவிட்டு, ‘இதோ இயற்கையின் சுருதி’ என்பது என்ன நேர்மை?

ஆய்வே இல்லையா என்று வினவலாம். இத்தாலியில் 33 பேரைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வொன்று, 432-இல் இசை கேட்டபோது இதயத்துடிப்பு சற்றுக் குறைந்ததாகக் கூறுகிறது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 33 பேரிடம் கண்ட சிறு மாற்றம் மருந்துச்சீட்டு ஆகிவிடாது.

இவ்வளவு சினம் எதற்கு எனலாம். நாம் வாழும் மண்ணை எண்ணிப் பாருங்கள். தோல் பதனிடும் உருளைகளின் இரைச்சலிலும் சதை நீக்கும் இயந்திரங்களின் ஓசையிலும் ஆண்டுக்கணக்கில் நின்றவருக்குச் செவி மந்தமாகலாம். உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எந்தப் பாடலும் அவற்றை மீட்காது. இங்கே நாம் கேட்க வேண்டிய எண் 432 அன்று, 90. எட்டு மணி நேரப் பணிக்கு நம் தொழிற்சாலை விதிகள் குறிக்கும் ஒலி எல்லை 90 டெசிபல். அது அளக்கப்படுகிறதா? செவிக்காப்பு தரப்படுகிறதா? பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மக்கள் காரணத்தைத் தேடிச் சென்று முறையிட்டதால். 2015-இல் இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டியின் சுவர் இடிந்து தொழிலாளர் 10 பேர் மாண்டனர். இத்தகைய மண்ணில் நோயின் காரணத்தை மறக்கச் செய்து, ‘செவிப்பொறியை மாட்டிக்கொள், சரியாகிவிடும்’ என்பது ஆறுதலன்று. ஏழையின் வாயை அடைப்பது.

பாடல் நம்மைத் தேற்றுவது உண்மை. தாயின் தாலாட்டு எத்தனை ஹெர்ட்ஸ் என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. அன்பும் நினைவுமே அங்கு மருந்து. ஆகவே பழைய பாடல்களை எந்தச் சுருதியிலும் கேட்டு மகிழ்வோம். நோய்க்கு மருத்துவரிடம் செல்வோம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய மருத்துவப் பணி நம் வேலூரிலேயே தொடர்கிறது. இரைச்சலுக்கும் நச்சுக்கும் காரணமானவர்களிடம் நீதி கேட்போம். அக்குரலுக்கு மட்டும் சுருதி இறங்கலாகாது.