முதலில் கணவனுக்குச் சோதனை

அச்சுவேலியில் கலியாணமாகி மூன்று வருடமாகியும் பிள்ளையில்லையென்றால் ஊர் முதலில் பார்ப்பது பெண்ணின் வயிற்றைத்தான். சந்நிதியில் நேர்த்தி, சாத்திரியாரிடம் குறிப்பு, பிறகு அவளுக்கு ஸ்கான், ஊசி, மாத்திரை. கணவன் சோதனைக்குப் போவது கடைசியில். சில வீடுகளில் போவதேயில்லை. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதியில் ஆணிடமும் குறையிருக்கிறது. ஆனால் மலடி என்ற பெயரைச் சுமப்பவள் அவள் மட்டுந்தான்.

இந்த வரிசை மாறவேண்டும். விந்துப் பரிசோதனைக்குச் செலவு குறைவு, வலியும் இல்லை. அதில் விந்தணுவே இல்லாவிட்டால், அல்லது மில்லிலீற்றருக்கு 50 இலட்சத்துக்கும் குறைவென்றால், அடுத்துச் செய்யவேண்டியது இரத்தத்தில் ஒய் நிறமூர்த்தச் சோதனை.

ஒய் நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். விந்தணு இல்லாத சில ஆண்களில் அதன் நீண்ட புயத்தில் ஒரு துண்டு அற்றிருப்பதை 1976இல் இத்தாலியின் தியெப்போலோவும் சுஃபார்டியும் கண்டார்கள். இன்று அந்தப் பகுதியை ஏ, பி, சி என்று பிரித்துப் பார்க்கிறார்கள். சி மட்டும் அற்றிருந்தால் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு விதையிலிருந்தே விந்தணு எடுக்கலாம். ஏ முழுதாக அற்றிருந்தால் எடுக்க ஒன்றும் இராது. காணியை ஈடுவைத்து, கனடாத் தம்பி அனுப்பிய காசோடு சென்னைக்குப் போகிற தம்பதிக்குக் கத்தி வைக்கமுன்னரே இது தெரியவேண்டாமா?

இந்தத் துண்டிழப்பு எங்கேயோ நடக்கிற அபூர்வமுமல்ல. ஐதராபாத்தில் தங்கராஜ் குழுவினர் விந்தணு இல்லாத 340 ஆண்களைச் சோதித்து, சுமார் 8.5 வீதத்தினரிடம் இந்த இழப்பைக் கண்டதாக 2003இல் எழுதினார்கள். இலங்கை ஆண்களைப் பற்றிய ஆய்வொன்றும் 2006இல் வெளிவந்தது.

சோதனைக்கு ஆள் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. கொஞ்ச இரத்தம் போனால் போதும். யாழ் போதனா வைத்தியசாலையில் மாதிரி எடுத்து, கொழும்பில் சோதித்து, முடிவை இலவசமாகத் திருப்பித் தரும் ஒழுங்கைச் சுகாதார அமைச்சு செய்யவேண்டும். அந்த முடிவைத் தமிழில், மூடிய அறைக்குள், ஆறுதலாக விளக்க ஒருவர் இருக்கவேண்டும். இழப்புள்ள கணவனிடம் எடுத்த விந்தணுவில் ஆண்பிள்ளை பிறந்தால் அவனுக்கும் அதே இழப்பு வரும். அதை அறிந்து முடிவெடுப்பது தம்பதியின் உரிமை. கணவனின் இழப்பு பெரும்பாலும் அவனிலேயே புதிதாக வந்தது, தகப்பன் செய்த பாவமல்ல. ஆண்மை வேறு, விந்தணு வேறு. இவ்வளவையும் யாரும் சொல்லாததால்தான் பல ஆண்கள் சோதனைக்கே வருவதில்லை.

அமைச்சின் ஒழுங்கு வரும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியதொன்றுண்டு. பிள்ளையில்லையென்று வரும் மனைவிக்குக் கிளினிக்கில் சோதனைத் துண்டு எழுதும்போது, கணவனின் பெயருக்கும் அன்றைக்கே ஒன்று எழுதிக் கொடுங்கள்.