விதைநெல்லும் பெற்றோலும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழுதலும் படுதலுமே இப்பெயர்களுக்குக் காரணம். நகர்ப்புறத்திலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. அதற்கப்பால் ஆயித்தியமலை, உன்னிச்சை என வயலும் குளமுமாய் நிலம் விரிகின்றது. அங்கே உழவருக்கும் ஆசிரியருக்கும் மோட்டார் சைக்கிளே கால். பழைய வண்டிகள் பலவற்றில் பெற்றோல் அளவைக் காட்டும் மானி கிடையாது. அந்தி சாய்ந்தபின், யானை நடமாடும் வயல்வழியில் வண்டி நின்றுவிட்டால் அது வெறுஞ் சங்கடமன்று, உயிருக்கே ஆபத்து. ஆதலின் மானியில்லா வண்டியின் கணக்கை இவ்வாரம் நேயர்களோடு ஆராய விழைகின்றோம்.

மானி இல்லையெனினும், வண்டியைச் செய்தவர்கள் நம்மை முற்றிலும் கைவிட்டாரல்லர். பெற்றோல் தாங்கியின் அடியில் ஒரு திருகு உண்டு. அதற்கு மூன்று நிலைகள்: மூடியது, திறந்தது, 'றிசேவ்' எனப்படும் சேமநிலை. தாங்கிக்குள்ளே நெடியதொன்றும் குறியதொன்றுமாக இரண்டு வாய்கள் இருக்கும். திறந்த நிலையில் நெடிய வாய் வழியே பெற்றோல் இறங்கும். மட்டம் அவ்வாய்க்குக் கீழே தாழ்ந்ததும் இயந்திரம் இருமித் தளரும். அப்போது திருகைச் சேமநிலைக்கு மாற்றினால், குறிய வாய் அடியில் எஞ்சியதைக் கொடுக்கும். அது வண்டிக்கு வண்டி வேறுபடும். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு லீற்றர்.

சேமநிலை விதைநெல்லைப் போன்றது. பெற்றோல் நிலையம் வரை செல்வதற்கே அது உரியது, ஊர் சுற்றுவதற்கன்று. பெற்றோல் நிரப்பிய பின் திருகை மறவாது பழைய நிலைக்குத் திருப்புதல் வேண்டும். மறந்தவருக்கு அடுத்தமுறை எச்சரிக்கை இராது. வண்டி இருமும்போது தாங்கி வெறுமையாகவே இருக்கும்.

இனிக் கணக்கு. தாங்கியை நிரப்பித் தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொள்க. மறுமுறை அதே மட்டத்துக்கு நிரப்புகையில், ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுக்க. 240 கிலோமீற்றருக்கு 5 லீற்றர் சென்றதாயின், லீற்றருக்கு 48. பத்து லீற்றர் கொள்ளும் தாங்கியில் சேமம் 2 போக, 8 லீற்றர் 384 கிலோமீற்றருக்குக் காணும். ஆயினும் 300 ஆனதும் நிரப்புவதே அறிவுடைமை. நெல்மூட்டை ஏற்றினாலும், மாரிச் சேற்றில் ஓடினாலும், சக்கரத்தில் காற்றுக் குறைந்தாலும் பெற்றோல் கூடுதலாய்ச் செலவாகும்.

தூரமானி பழுதாயின் துப்புரவான மரக்குச்சி உதவும். தாங்கி வெறுமையாயிருக்கையில் லீற்றர் லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியில் நனைந்த இடத்தைக் கீறிக்கொள்ளலாம். அளக்கும்போது வண்டி நிமிர்ந்து நிற்றல் வேண்டும். குச்சியையும் எப்போதும் ஒரே இடத்தில் இறக்குதல் வேண்டும். தீக்குச்சியோ விளக்கோ கொளுத்தித் தாங்கிக்குள் எட்டிப் பார்த்தல் கூடவே கூடாது. பெற்றோல் ஆவி நொடியில் தீப்பற்றும்.

இக்கணக்கின் அருமையை 2022ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சம் நாடெங்கும் உணர்த்திற்று. கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. மேற்சொன்ன வண்டிக்கு அது 192 கிலோமீற்றர். நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர் போய்வரும் ஆசிரியருக்கு ஐந்து நாளில் 150 கழியும்; மிச்சம் 42. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஆற்றைக் கடந்து ஆசுபத்திரிக்குப் போக வேண்டியதும் அந்த 42க்குள்தான். அஞ்சிப் போத்தல்களில் பெற்றோலை வீட்டில் சேமித்தவர்கள் அடுப்படிக்கே ஆபத்தைக் கொணர்ந்தார்கள். வீட்டுக்குள் போத்தலில் வைப்பதினும், தாங்கியில் வைத்துக் கணக்குப் பார்ப்பதே நன்று.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேலை தருகின்றோம். வீட்டு வண்டிக்கு ஒரு சிறு கொப்பி வையுங்கள். திகதி, தூரம், லீற்றர் என மூன்று நிரல்கள் போதும். ஒரு மாதம் எழுதினால் வகுத்தற் கணக்கும் கைவரும். அந்தியில் வீடு திரும்பும் தந்தையை எண்ணித் தாய் வாசலில் காத்துநிற்கும் கவலையும் குறையும்.