மூட்டைக்குள் வந்தால் தொழில்நுட்பம், கல்லாக வந்தால் கழிவா?

மதுரையில் வீடு கட்டப்போகிறவர் "மண் கல், சுண்ணாம்பு, பழைய மரம்" என்று வாயைத் திறந்தால் போதும், பொறியாளர்கள் பலர் ஒரே பல்லவியைத் தொடங்கிவிடுவார்கள். கழிவுப் பொருளில் கட்டினால் உறுதி இருக்காது. அதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் கான்கிரீட்டை விட்டால் கதியில்லை.

கழிவு என்ற சொல்லை இவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பயன்படுத்தலாம். இவர்கள் வாங்கும் பி.பி.சி. (போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பலைக் கலக்க இந்தியத் தர நிர்ணயமே இடம் தருகிறது. கம்பியிலும் பழைய இரும்பை உருக்கி வார்த்தது ஏராளம். மாடியில் சூடு இறங்காமலிருக்கச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பவர்களும் இவர்களே. அதே சாம்பலைக் கல்லாக அறுத்துச் சுவரில் வைத்தால் மட்டும் முகம் சுளிப்பானேன்?

உறுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தெற்குமாசி வீதியைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்கலாம். 1636இல் எழுப்பியது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான்; சிமென்ட் அப்போது இல்லை. "அது ராஜா கட்டியது, சுவரும் தூணும் அவ்வளவு கனம்" என்பார்கள். அப்படியானால் கனத்தைப் பற்றிப் பேசுங்கள், சுண்ணாம்பின் மேல் ஏன் பழி? திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் இந்த அரண்மனையைப் பிரித்து மரவேலைப்பாடுகளைத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். பழைய பொருளில் கட்ட ராஜாவுக்குக் கூச்சம் இல்லை. இன்றைக்கும் காரைக்குடியில் செட்டிநாட்டு வீட்டின் பர்மாத் தேக்குக் கதவைப் பெரும்விலைக்கு வாங்குபவர்கள் ஏழைகள் அல்லவே.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். அதை அப்படியே அழுத்திக் கல்லாக்குவது முட்டாள்தனம். ஆனால் மேலூர்ப் பக்கம் செம்மண் கிடக்கிறதே? புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் இத்தகைய மண்ணுடன் சுமார் 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து அழுத்தி, சூளையில் வேகவைக்காத கல்லைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். கரிசலைக் காட்டிச் செம்மண்ணை மறுப்பது என்ன பொறியியல்?

பணக்காரர் பொழுதுபோக்கு என்பதில் பாதி உண்மை. புதுச்சேரியிலிருந்து லாரியில் மண் கல் வரவழைத்து, அழகர்கோவில் சாலையில் வாரக்கடைசிக்கு மட்டும் திறக்கும் பண்ணைவீட்டுக்குப் 'பசுமை' என்று பெயர் வைக்கிறவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் சாமானியர்களுக்குத்தான் கட்டினார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடும் அவருடைய எலிப்பொறிக் கட்டில் கல் சுமார் கால்பங்கு மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். இந்தக் கணக்கு எந்த மதிப்பீட்டிலும் வருவதில்லை. வைகை இழந்த மணலும், மேலூரில் வெட்டிப்போன குன்றுகளும், மே மாத இரவில் கான்கிரீட் தளத்தின் கீழ் ஓடும் ஏ.சி.யின் மின்கட்டணமும்கூட வருவதில்லை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கூட்டினால் கான்கிரீட் மலிவாகத்தான் தெரியும்.

கழிவு கட்டுமானத்துக்கு உதவாது என்ற பேச்சு இந்த ஊரில் எடுபடுவதுதான் எனக்கு ஆச்சரியம். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக் குப்பையைத் தாரோடு சேர்த்து 2002இல் அந்த வளாகத்திலேயே சாலை போட்டார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பிளாஸ்டிக்கையும் கல் துண்டுகளையும் சேர்த்துத் தரைக்கான 'பிளாஸ்டோன்' கட்டிகளும் செய்தார். இதெல்லாம் திருப்பரங்குன்றத்தில் நடந்தது, ஜெர்மனியில் அல்ல.

பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இடிபாட்டைக் கண்மாய்க் கரையில் கொட்டுவதற்கு முன், அதிலுள்ள செங்கல், கதவு, நிலை, ஓடு ஆகியவற்றில் எவ்வளவு புதிய வீட்டுக்கு ஆகும் என்று பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு பொறியாளரைப் பாருங்கள்.