சந்தாவும் கட்டி, கடைக்கும் போகணுமா?

மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடுகிறவருக்கு ஒரு நிம்மதி உண்டு. காசைக் கட்டியாச்சு, இனி இலையில் விழுவதெல்லாம் அதற்குள் அடக்கம். திடீரென்று ஒருநாள், 'அப்பளத்துக்குத் தனிக் காசு' என்று சப்ளையர் வந்து நின்றால்? அப்பளம் இல்லாமலும் சாப்பிடலாம்தான். ஆனாலும் கோபம் வருமா, வராதா?

மாதச் சந்தா கட்டி ஆன்லைன் கேம் ஆடுகிறவர்களின் கோபமும் இதே ரகம்தான். இலவச கேமுக்குள் கடை இருந்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள், அந்த நிறுவனமும் பிழைக்க வேண்டுமே! சந்தா கேமுக்குள் கடை நுழையும்போதுதான் தகராறு.

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' நல்ல உதாரணம். அப்போதெல்லாம் கேமை வாங்கத் தனியாகப் பணம், அதன்பிறகு மாதம் சுமார் 15 டாலர். 2010 ஏப்ரலில், நட்சத்திரங்கள் மின்னும் பறக்கும் குதிரை ஒன்றை 25 டாலருக்குக் கடையில் வைத்தார்கள். அதே சமயத்தில் கேமுக்குள் 'இன்வின்சிபிள்' என்று இன்னொரு குதிரையும் இருந்தது. 25 பேர் கூடி, மிகக் கடினமான நிலையில் 'லிச் கிங்'கை வீழ்த்தினால்தான் அது வரும். அதுவும் ஒருவருக்குத்தான். அதில் ஏறி ஒருவர் ஊருக்குள் வந்தால் மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள், அந்தக் குதிரைக்குப் பின்னால் பல மாத உழைப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். கடைக் குதிரைக்குப் பின்னால் இருப்பது கிரெடிட் கார்டு மட்டும்.

'விளையாடிச் சம்பாதிக்கத்தானே மாதாமாதம் பணம் கட்டுகிறோம்?' என்று கேமர்கள் கொதித்தார்கள். ஆனால் விற்பனை தொடங்கியதும் ஆன்லைன் வரிசையில் காத்திருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்! கம்பெனி எதைக் காதில் வாங்கும்?

அடுத்த வருஷமே ஐஸ்லாந்தின் 'சிசிபி' நிறுவனமும் இதே வழியில் இறங்கியது. அவர்களுடைய 'ஈவ் ஆன்லைன்' விண்வெளி கேமுக்கும் அப்போது மாதம் சுமார் 15 டாலர் சந்தா. 2011 ஜூனில் திறந்த கடையில், ஒற்றைக் கண்ணில் மாட்டும் 'மோனோக்கிள்' கண்ணாடி சுமார் 60 டாலர். நாலு மாதச் சந்தா! அதை மாட்டிக்கொண்டு போய் நிற்க அப்போது கேமுக்குள் ஒரே ஒரு அறைதான் இருந்தது. அந்த அறைக்குள் வேறு எந்த ஆட்டக்காரரும் வர முடியவில்லை என்பதுதான் வேடிக்கை.

இதற்கிடையே தலைமைச் செயல் அதிகாரி ஹில்மர் ஊழியர்களுக்கு எழுதிய மின்னஞ்சல் ஒன்று கசிந்தது. கேமர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட என்ன செய்கிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சரி, செய்து காட்டினார்கள். கேமின் பெரிய சந்தையான 'ஜீட்டா'வுக்குக் கப்பல்களோடு திரண்டு போய், அங்கிருந்த சிலையைச் சுட்டுத் தள்ளினார்கள். அதைவிட முக்கியம், பலர் சந்தாவை நிறுத்தினார்கள். கேமர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளை நிறுவனம் அவசரமாக ரெய்க்யவிக்குக்கு அழைத்துப் பேசியது. அக்டோபரில் ஹில்மர் பகிரங்கக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் ஊழியர்களில் சுமார் 20 சதவிகிதம் பேருக்கு வேலை போனது. அந்தக் கண்ணாடிக்கு விலை போட்டவர்கள் அவர்கள் எல்லோரும் அல்ல, பாவம்.

வார்கிராஃப்ட் கதை வேறு. அங்கே வரிசை கலையவே இல்லை. முதுகில் வியாபாரிகளைச் சுமந்து வரும் ஒரு பிரம்மாண்ட டைனோசரை 2018-ல் கேமுக்குள் 50 லட்சம் தங்கக் காசுக்குக் கொடுத்தார்கள், பிறகு அந்த விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 2024 அக்டோபரில் அதன் தம்பி கடைக்கு வந்தது. போகிற இடத்திலெல்லாம் ஏலக்கடையும் தபால்பெட்டியும் கூடவே வரும். ஆக, இது வெறும் அழகுப் பொருள்கூட இல்லை, வேலைக்கு உதவுகிற சமாச்சாரம். விலை 90 டாலர், ஆறு மாதச் சந்தா. கேமர்கள் இந்த முறையும் திட்டினார்கள். சில நாட்களில் கேமின் தலைநகர வீதிகளில் தபால்பெட்டி இருக்கும் இடமெல்லாம் அந்த டைனோசர்கள்தான் நின்றன.