நரியின்மேல் போடும் பழி

வட அமெரிக்காவின் நடுவே, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டின் அயோவா வரையில், சுமார் 7 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், பனியுகத்தின் முடிவில் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற லட்சோபலட்சம் குட்டைகள் சிதறிக்கிடக்கும் புல்வெளிப் பிரதேசம் ஒன்று உண்டு. அக்கண்டத்து வாத்துகளில் பெரும்பகுதி வசந்தகாலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது அங்கேதான். அப்பிரதேசத்து வேட்டைக்காரரிடையேயும், அவர்கள் பேச்சைக் கேட்டுத் தலையசைக்கும் பொதுஜனங்களிடையேயும், வேதவாக்குப்போல் வேரூன்றிவிட்ட அபிப்பிராயம் ஒன்றும் உண்டு. வாத்தினம் க்ஷீணிப்பதற்குக் காரணம் நரியும், ஸ்கங்க், ரக்கூன் என்னும் சிறு விலங்குகளுமே; அவற்றைப் பொறிவைத்துக் கொன்றுவிட்டால் வாத்துகள் தாமாகவே பெருகிவிடும் என்பதே அது. பார்வைக்கு நியாயமாகத் தோன்றுவதனாலேயே இந்த அபிப்பிராயம் மிகுந்த தீங்கு விளைவிப்பதாயிருக்கிறது.

அதற்கு ஆதாரமே இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. பாழாகும் கூடுகளில் பெரும்பாலானவை விலங்குகளின் வாயில்தான் போகின்றன. மல்லார்டு வாத்தின் கூடுகளில் 100க்குச் சுமார் 15 ஆவது பொரித்தாலன்றி அவ்வினம் தன் தொகையைக் காத்துக்கொள்ள இயலாதென 1985இல் ஆராய்ச்சியாளர் கணித்தனர். அந்தச் சொற்ப அளவும் எட்டாத இடங்கள் பல இருந்தன. விலங்குகளை மும்முரமாகப் பிடித்தகற்றிய நிலங்களில் அவ்வாண்டு கூடுதலான கூடுகள் பொரிப்பதும் மெய்யே. ஆனால், முட்டையைத் தின்ற வாய் எதுவென்று தெரிந்துவிட்டதனால், அந்த வாய்க்கு முட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தது எதுவென்ற விசாரணை அநாவசியமாகிவிடுமா?

மல்லார்டு பெரும்பாலும் குட்டையை விட்டு விலகிச் சென்று, அடர்ந்த புல்லின் மறைவில், தரையில்தான் கூடு அமைக்கிறது. புல்வெளி பரந்துகிடந்த காலத்தில், எங்கோ ஒன்றும் எங்கோ ஒன்றுமாக இருந்த கூடுகளைத் தேடி நரி அலைய வேண்டியிருந்தது. அந்தப் புல்வெளியைக் கோதுமைக்காகவும் மக்காச்சோளத்துக்காகவும் உழுது தீர்த்தபின், எஞ்சிய வேலியோரத்துப் பட்டையிலும் சாலையோரத்துச் சரிவிலும் பெட்டைகள் நெருங்கியடித்துக்கொண்டு முட்டையிட, நரி அந்த ஓரமாக ஒருமுறை நடந்து சென்றாலே போதுமென்றாகிவிட்டது. ஊசிவால் வாத்தின் கதியோ இன்னும் பரிதாபம்: அறுவடையான தாள்வயலிலேயே அது முட்டையிட, வசந்தத்து உழவு கூட்டோடு முட்டையையும் மண்ணுக்குள் புரட்டிவிடுகிறது, அந்தக் கணக்கில் நரிக்கு யாதொரு பங்கும் இல்லை. கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு மழையின்மேல் வழக்குத் தொடுக்கும் அறிவுடைமையை இங்கே காண்கிறோம்.

புல்லைப் போலவே தண்ணீரும். பனி உருகியதும் முதலில் வெதுவெதுப்படைவது ஆழமற்ற சிறு குட்டைகளே. முட்டையிடும் பெட்டைக்கு வேண்டிய புழுவும் பூச்சியும் நத்தையும் அவற்றில்தான் மலிந்திருக்கும். ஆண்டில் சில வாரங்களே நீர் நிற்பதால் பிரயோஜனமற்றவையென்று கருதப்பட்டு முதலில் வடிக்கப்பட்டவையும் அவையே. 1780களில் இருந்த சதுப்பு நிலத்தில் 1980களுக்குள் வட டக்கோட்டா மாநிலம் ஏறக்குறையப் பாதியையும், அயோவா 100க்கு 89 பங்கையும் இழந்தன. நீர் நிறைந்த ஆண்டில், முதற்கூட்டை நரிக்குப் பறிகொடுத்த மல்லார்டு மனந்தளராமல் மறுபடியும், அதுவும் போனால் இன்னொரு முறையும், கூடு கட்டுகிறது; வறண்ட ஆண்டில் முயற்சியையே கைவிடுகிறது. ஆகவே, நரியின் பசி மாறாதிருக்கையிலும், அந்தப் பசியால் விளையும் நஷ்டத்தை இனம் தாங்குமா தாங்காதா என்பதை நிர்ணயிப்பது குட்டையின் நீரேயாகும்.

இவையெல்லாவற்றையும்விட விசித்திரமான சங்கதி ஒன்று உண்டு. அப்புல்வெளியில் செந்நரி இவ்வளவு மலிந்ததற்கே முந்தைய தலைமுறையினரின் விலங்கு வதைதான் பெருங்காரணம். ஓநாயை அடியோடு ஒழித்து, கயோட்டி என்னும் சிற்றோநாயையும் விஷமிட்டும் சுட்டும் அருகச் செய்தபோது, அவற்றுக்கு அஞ்சி ஒடுங்கியிருந்த செந்நரிக்கு நாடு திறந்துவிடப்பட்டது. 1990 முதல் 1992 வரை வட, தென் டக்கோட்டா மாநிலங்கள் இரண்டிலும் நடந்த ஆராய்ச்சியில், செந்நரி ஆதிக்கம் செலுத்திய இடங்களில் 100க்கு 17 கூடுகளும், கயோட்டி ஆதிக்கம் செலுத்திய இடங்களில் 32 கூடுகளும் பொரித்தன. கயோட்டி விரிந்த எல்லையில் அடர்த்தியின்றி வாழ்வது. நரியைத் தன் எல்லைக்குள் அண்டவிடாதது. ஒரு வேட்டைவிலங்கைக் கொன்றதனால் விளைந்த வினையை மற்றொன்றைக் கொன்று தீர்க்கலாமென்பவர்கள், பழைய பிழையையே பரிகாரமாகப் பரிந்துரைக்கிறார்கள்.

பரிகாரம் வேறு இடத்தில் இருப்பதற்கு அத்தாட்சி உண்டு. 1985இல் சட்டமான திட்டமொன்றின்படி, அமெரிக்க அரசாங்கம் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து உழுநிலத்தை மீண்டும் புல்லாக்கியது. அவ்வாறு விளைந்த புல்வெளியால் 1992 முதல் 1997 வரை இரு டக்கோட்டாக்களிலும் வடகிழக்கு மொன்டானாவிலும் மட்டும் 1 கோடியே 24 லட்சம் வாத்துகள் கூடுதலாக உருவாயினவென்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். மாறாக, பொறிவைப்பவன் இந்த வசந்தத்தில் காலி செய்த நிலத்தில் அடுத்த வசந்தத்துக்குள் அக்கம்பக்கத்து நரிகள் குடியேறிவிடும். அவனுக்கு ஆண்டுதோறும் கூலி கொடுத்தாக வேண்டும். வேட்டை அனுமதிக்காக வேட்டைக்காரர் வாங்கும் வாத்து முத்திரையின் பணத்திலிருந்து, குட்டையை வடிப்பதில்லையென்று 1958 முதல் விவசாயியிடம் பெறப்படும் நிரந்தர உடன்படிக்கைக்கோ ஒருமுறை கொடுத்தால் போதும். வாத்தின்மேல் மெய்யான அபிமானம் உள்ளவர்கள், நரியின் தலைக்கு விலை வைப்பதை நிறுத்தி, அந்த விலையைக் குட்டைக்கும் புல்லுக்கும் கொடுக்கட்டும்.